மாட்டுக்கொட்டிலில் தொடங்கிய பள்ளிக்கூடம்



மலருக்கு ஏதாவது எழுதித் தாங்கோ தங்கச்சி எண்டு சங்கத்துச் செயலாளர் அண்ணை கேட்டபோது, எனக்கு எழுத வராது அண்ணை, என்னை விடுங்கோ எண்டுதான் சொன்னேன். ஏ.எல். எடுத்ததோடை என்ரை படிப்பு முடிஞ்சுது. மொன்றியலுக்கு வந்த நாளிலிருந்து பக்டரி வேலை. பெல்ற்றில் வாற சாமானைப் பெட்டியில் அடுக்கி, ஒட்டி அனுப்புறதுதான் என்ரை தொழில். ஆனால் போன வின்ரரில் ஒரு அம்மையாரின் கதை என் கையில் வந்து சேர்ந்தது. அதை அறிந்த பிறகு சும்மா இருக்க மனம் வரவில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகள் நாலாம் வகுப்புப் படிக்கிறாள். இந்த நகரத்தின் ஆதிகால ஆட்களில் ஒருவரைப் பற்றி எழுதிக்கொண்டு வரும்படி பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். அவளுக்குக் கிடைத்த பெயர் மார்கரீத் பூர்ஜ்வா. புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு குசினி மேசைக்கு வந்தாள். வந்த புதிதில் வகுப்புக்குப் போய்ப் படிச்ச கொஞ்சநஞ்சப் பிரெஞ்சோடை, அகராதியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நானும் அவளோடு குந்தினேன். அவளுடைய ஒரு பக்கம் எழுதி முடிந்துவிட்டது. எனக்குத்தான் முடியவில்லை. அடுத்தடுத்த கிழமைகளில் நூலகத்துக்குப் போய்க் கிடைத்ததையெல்லாம் வாசித்தேன்.

மார்கரீத் பூர்ஜ்வா பிறந்தது 1620 ஆம் ஆண்டு ஏப்ரல் 17 ஆம் திகதி. எங்கடை வருசப்பிறப்புக்கு மூன்று நாள் கழித்து. ஊர், பிரான்சு நாட்டில் சாம்பாஞ் பகுதியிலுள்ள துறுவா நகரம். தகப்பன் ஆபிரகாம் பூர்ஜ்வா மெழுகுதிரி செய்கிறவர், அந்த ஊர் நாணயச் சாலையிலும் வேலை பார்த்தவர். பெரிய குடும்பம், நிறையப் பிள்ளைகள். மார்கரீத்துக்கு 18 வயதாக இருக்கும்போது தாய் இறந்துபோனார். பிறகு தம்பி தங்கைகளைப் பார்க்கிற பொறுப்பு இவர் தலையில். எங்கடை வீடுகளிலும் மூத்த பெண்பிள்ளைகளுக்கு இதுதானே நடந்தது.

மற்றப் பெட்டையளைப் போல வடிவாய் உடுத்துக்கொண்டு, சிரித்துக் கதைத்துத் திரிந்த பெண்தான் அவர். 1640 ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் செபமாலைத் திருநாள் ஊர்வலத்தில் போனபோது, கோயில் வாசலுக்கு மேலே இருந்த மாதா சொரூபத்தை நிமிர்ந்து பார்த்தார். எத்தனையோ தரம் பார்த்த சொரூபம். அன்றைக்கு மட்டும் அது அவருடைய மனதை அப்படியே மாற்றிவிட்டது. அந்த நாளிலிருந்து தன்னைக் கடவுளுக்குக் கொடுக்க வேண்டும் எண்டு முடிவெடுத்தார்.

கார்மேல் சபையில் சேரக் கேட்டார். அவர்கள் எடுக்கவில்லை.

அந்தக் காலத்துப் பிரான்சில் ஒரு பெண் துறவறம் போவது எண்டால் மதிலுக்குள் போவதுதான். போனால் திரும்ப வெளியிலே வரமுடியாது. துறுவா நகரத்திலும் பெண்பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற ஒரு கன்னியர் மடம் இருந்தது. மடத்துக்குள் வந்த பிள்ளைகளுக்குத்தான் அந்தக் கன்னியர்கள் படிப்பிக்கலாம். வரமுடியாத ஏழைப் பிள்ளைகளைத் தேடிப்போக அவர்களால் முடியாது. அதற்காக மடத்தோடு சேர்ந்து, ஆனால் மடத்துக்கு வெளியே, இளம்பெண்களின் குழு ஒன்று இயங்கியது. மார்கரீத் அந்தக் குழுவில் சேர்ந்து பன்னிரண்டு வருசமளவில் ஏழைப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தார். மதிலுக்கு வெளியே நிண்டுகொண்டு படிப்பிக்கிற வேலையை அவர் அங்கேதான் பழகினார். பிற்காலத்தில் ஆயர்மாரோடு அவர் பிடித்த பிடிவாதத்துக்கெல்லாம் வேர் இங்கேதான் இருக்கிறது.

அந்தக் குழுவை நடத்திய கன்னியரின் பெயர் லூயிஸ் டி ஷொமெடி. அவருடைய சகோதரன் போல் டி ஷொமெடி டி மேசொன்னேவ், 1642 இல் வில்-மாரி எண்ட குடியேற்றத்தைத் தொடங்கியவர். வில்-மாரிதான் இன்றைக்கு நாங்கள் இருக்கிற மொன்றியல். 1652 இல் அவர் ஆட்கள் சேர்ப்பதற்காகப் பிரான்சுக்குத் திரும்பி வந்தபோது தமக்கையையும் பார்க்க வந்தார். மடத்துக் கன்னியர்கள் தாங்கள் வருகிறோம் எண்டு ஆசையாய்க் கேட்டார்கள். ஆனால் மடம் கட்டி, மதில் கட்டி அவர்களைப் பராமரிக்க அந்தச் சின்னக் குடியேற்றத்தால் ஏலாது. மார்கரீத் மட்டும் போகலாம். அவருக்கு மடமும் தேவையில்லை, மதிலும் தேவையில்லை.

1653 பெப்ரவரியில் துறுவாவை விட்டு வெளிக்கிட்டார். தனக்கு வரவேண்டிய சொத்தையெல்லாம் விட்டுவிட்டு, கமக்கட்டுக்குள் வைக்கக்கூடிய ஒரு சின்னப் பொட்டளியோடை போனார். இந்த இடத்தை வாசிக்கும்போது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி வலிகாமத்திலிருந்து நாங்கள் வெளிக்கிட்டபோது எனக்கு ஆறு வயது. என்ரை கையிலும் ஒரு பொட்டளிதான். ஆனால் ஒரு வித்தியாசம். நாங்கள் துரத்துப்பட்டு வந்தனாங்கள். அவர் தானாக விரும்பிப் போனவர்.

போகிற வழியிலேயே சோதனை தொடங்கிவிட்டது. தனியாய்ப் பயணம் செய்கிற பெண் எண்டு சத்திரத்தில் இடம் கொடுக்க மறுத்தார்கள். யூன் 20 ஆம் திகதி சென் நிக்கொலா எண்ட கப்பல் சென் நசேர் துறைமுகத்தால் புறப்பட்டது. நூறு பேரளவில் ஆண்கள். கொஞ்சத் தூரம் போனதும் கப்பலுக்குள் தண்ணீர் வரத் தொடங்கி, திரும்பவேண்டி வந்தது. வந்த ஆட்கள் ஓடிவிடுவார்கள் எண்டு பயந்து அவர்களை ஒரு தீவில் இறக்கி வைத்தார்கள். அப்பவும் சிலர் நீந்தித் தப்பப் பார்த்தார்கள். யூலை 20 ஆம் திகதி திரும்பப் புறப்பட்டார்கள். நடுக்கடலில் நோய் பரவி எட்டுப் பேர் செத்துப்போனார்கள். மார்கரீத் நோயாளிகளுக்குப் பக்கத்திலிருந்து பராமரித்தார். செப்ரெம்பர் 22 ஆம் திகதி கியூபெக் வந்து சேர்ந்து, அங்கிருந்து ஆறு வழியாக நொவம்பரில் வில்-மாரிக்கு வந்தார்கள். அவருக்கு அப்போது 33 வயது. எங்களில் பலபேர் இந்த நாட்டுக்கு வந்த வயதுதான்.

ரீச்சர் எண்டு வந்தவருக்கு இங்கே படிப்பிக்க ஒரு பிள்ளையும் இல்லை. அவர்கள் வந்த கப்பலுக்கு முன்னர் இந்தக் குடியேற்றத்தில் இருந்தவர்களே சுமார் 50 பேர்தான். பிறந்த குழந்தைகள் பள்ளிக்கூட வயது வருவதற்கு முன்னமே செத்துப்போயின. குளிர், பசி, நோய், அதோடை சண்டை. இது வெறும் காடு இல்லை. பூர்வீகக் குடிமக்கள் காலம் காலமாய் வந்துபோன நிலம். பிரெஞ்சுக்காரருக்கும் இரொக்குவா மக்களுக்கும் இடையில் அடிக்கடி மோதல் நடந்துகொண்டிருந்தது. சொந்த நிலத்தைப் பறிகொடுத்த நாங்கள் இதை மறந்துபோட்டு இந்தக் கதையைச் சொல்லக்கூடாது எண்டது என்ரை எண்ணம்.

பிள்ளைகள் இல்லை எண்டு மார்கரீத் திரும்பிப் போகவில்லை. நாலரை வருசம் காத்திருந்தார். சும்மா காத்திருக்கவுமில்லை. மேசொன்னேவின் வீட்டைப் பார்த்துக்கொண்டார். படைவீரரின் கிழிந்த உடுப்புகளைத் தைத்துக் கொடுத்தார். ஜான் மான்ஸ் எண்ட அம்மா நடத்திய ஆசுப்பத்திரியில் நோயாளிகளைப் போய்ப் பார்த்தார். குளிர் காலத்தில் படுக்கை இல்லாமல் வந்த படைவீரருக்குத் தன்னுடைய மெத்தையையும் போர்வையையும் கொடுத்துவிட்டு நிலத்தில் படுத்தார். மலையில் விழுந்து கிடந்த சிலுவையைத் திரும்ப நாட்டுவித்தார். ஒரு சின்னக் கோயில் கட்டுவதற்கு ஆட்களைச் சேர்த்துக் கல்லுப் பொறுக்குவித்தார். ஜான் லுவாசேல் எண்ட நாலரை வயதுப் பெண்பிள்ளையைப் பொறுப்பெடுத்துத் தன்னோடை வைத்து வளர்த்தார். இங்கே தப்பிப் பிழைத்து வளர்ந்த முதல் பிள்ளைகளில் அதுவும் ஒண்டு.

1658 சனவரியில் மேசொன்னேவ் அவருக்கு ஒரு கட்டடம் எழுதிக் கொடுத்தார். கட்டடம் எண்டவுடனை நீங்கள் பெரிசாய் நினைக்கவேண்டாம். கல்லாலே கட்டின ஒரு மாட்டுக்கொட்டில். புறாக்களும் அதுக்குள்ளைதான் இருந்தன. மார்கரீத் அதைத் துப்புரவாக்கி, குளிருக்கு அடுப்புப் புகைபோக்கி ஒண்டும் வைப்பித்தார். கீழே வகுப்பு. மேலே பரணில் படுக்கை. பரணுக்கு வெளிப்பக்கத்தால் ஏணியில் ஏறித்தான் போகவேணும். ஏப்ரல் 30 ஆம் திகதி பள்ளிக்கூடம் தொடங்கியது. மொன்றியல் நகரத்தின் முதற் பள்ளிக்கூடம் அதுதான். தொடக்கத்தில் ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் ஒன்றாகவே படித்தார்கள். காசு வாங்கவில்லை.

மாட்டுக்கொட்டில் எண்டதை மகளுக்கு விளங்கப்படுத்த நான் கஷ்டப்பட்டேன். அவள் மாட்டைப் படத்தில்தான் கண்டவள். பள்ளிக்கூடத்தை ஏன் அம்மா கொட்டிலில் வைக்கவேணும் எண்டு கேட்டாள். நான் என்ரை கதையைச் சொன்னேன். இடம்பெயர்ந்து தென்மராட்சியில் இருந்த அந்த மாதங்களில் எங்களுக்கு ஒரு மாமரத்துக்குக் கீழேதான் வகுப்பு. மழை வந்தால் பக்கத்திலிருந்த ஓலைக்கொட்டிலுக்குள் ஓடுவோம். படிப்பித்த ரீச்சரும் எங்களைப் போல இடம்பெயர்ந்து வந்தவதான். பாதிச் சோக்குக்கட்டியை வைத்துக்கொண்டு ஒரு பலகைத் துண்டில் எழுதுவா. நான் ஆனா ஆவன்னாவை முழுசாய் எழுதப் பழகினது அங்கேதான். அந்த ரீச்சர் கட்டடம் கிடைக்கட்டும் எண்டு பார்த்துக்கொண்டிருந்தால் நான் ஒரு வருசத்தை இழந்திருப்பேன்.

பள்ளிக்கூடம் தொடங்கிய அதே வருசம், 1658 இல், மார்கரீத் அம்மையார் துணைக்கு ஆட்களைக் கூட்டிவரப் பிரான்சுக்குப் போனார். நாலு பெண்கள் வரச் சம்மதித்தார்கள். அதில் ஒரு பெண்ணின் தகப்பன், அங்கே என்னத்தைச் சாப்பிட்டு உயிர் வாழப்போகிறீர்கள் எண்டு கேட்டார். அம்மையார் அந்த மாட்டுக்கொட்டில் உறுதியை எடுத்துக் காட்டினார். நாங்கள் உழைத்துச் சாப்பிடுவோம், பாணும் சூப்பும் நிச்சயம் கிடைக்கும் எண்டார். தகப்பன் அழுதார். ஆனால் மகளை அனுப்பி வைத்தார். 1659 இல் அவர்கள் வந்த கப்பல் முன்பு படைகளுக்கு ஆசுப்பத்திரியாய் இருந்தது. அதிலும் நோய் பரவி ஆட்கள் இறந்தார்கள். வந்து சேர்ந்த பெண்கள் பகலில் படிப்பித்தார்கள், தையல் வேலையும் கமமும் செய்து தங்கடை சீவியத்தைத் தாங்களே பார்த்தார்கள். பிள்ளைகளிடம் காசு வாங்காமல் படிப்பிக்கவேணும் எண்டால் அதற்கு வேற வழியில்லை.

1663 ஆம் ஆண்டிலிருந்து பிரான்சு அரசன் குடியேற்றத்துக்குக் கலியாணம் செய்யவென்று பெண்களை அனுப்பத் தொடங்கினான். பத்து வருசத்தில் ஏறக்குறைய 800 பெண்கள் இந்த நாட்டுக்கு வந்தார்கள். பெரும்பாலும் தாய் தகப்பன் இல்லாத ஏழைப் பெண்கள். மொன்றியலுக்கு வந்தவர்களை அம்மையார் கரைக்குப் போய் எதிர்கொண்டு, தன்னோடு ஒரே வீட்டில் வைத்திருந்தார். பாண் சுட, தைக்க, குளிருக்குத் தாக்குப்பிடிக்கப் பழக்கினார். முன்பின் தெரியாத நாட்டில் வந்து இறங்குகிற பெண்ணுக்கு முதல்நாள் ஒரு ஆள் துணை கிடைத்தால் எப்படி இருக்கும் எண்டது எங்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. 1668 இல் அவர் புவான்த் சென் சார்ல்ஸ் பகுதியில் ஒரு தோட்டமும் வீடும் வாங்கினார். அந்த இடத்தில் 1698 இல் திரும்பக் கட்டிய கல்வீடு இன்றைக்கு ஒரு நூதனசாலை. கோடைகாலத்தில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாம்.

1670 இல் திரும்பவும் பிரான்சுக்குப் போய், அடுத்த வருசம் மே மாதம் பதினாலாம் லூயி அரசனிடம் தன்னுடைய சபைக்கு அங்கீகாரப் பத்திரம் பெற்றார். கொங்கிறகேசன் டி நோத்ர் டாம் எண்டது சபையின் பெயர். சகோதரிகள் படகிலும் கால்நடையாகவும் ஊர் ஊராய்ப் போய்ப் பள்ளிக்கூடம் வைத்தார்கள். மலையடிவாரத்தில் பூர்வீகக் குடிப் பெண்பிள்ளைகளுக்கும் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அங்கே படித்த மாரி-தெரேஸ் கனென்சாகுவாஸ் பிறகு சபையில் சேர்ந்து, அதே இடத்தில் ரீச்சராக இருந்து 1695 இல் இறந்தார். அங்கு நின்ற பழைய கோட்டையின் இரண்டு கற்கோபுரங்கள் ஷேர்புரூக் வீதியில் இன்றும் நிற்கின்றன. பஸ்ஸில் போகும்போது பாருங்கோ. அவர்களுக்குக் கிடைத்தது எழுத்து மட்டுமல்ல. தங்கடை சமயத்தை விட்டு இன்னொரு சமயத்துக்கு வரவும் பழக்கினார்கள். பிற்காலத்தில் கனடாவின் வதிவிடப் பாடசாலைகளில் பூர்வீகக் குடிப் பிள்ளைகளுக்கு நடந்த கொடுமைகளை 2015 இல் வந்த உண்மை ஆணைக்குழு அறிக்கை சொல்லியிருக்கிறது. அது வேறு காலம், வேறு ஆட்கள். ஆனாலும் படிப்புக் கொடுக்கிறோம் எண்டு சொல்லி ஒரு பிள்ளையின் மொழியைப் பறிக்கக்கூடாது எண்டது எங்களுக்கும் பாடம்.

அம்மையாருக்கு வந்த பெரிய சோதனை வெளியாட்களால் வரவில்லை. திருச்சபைக்குள்ளேயே வந்தது. பெண்கள் மதிலுக்குள் இல்லாமல் ஊர் சுற்றிப் படிப்பிக்கிறதா எண்டு ஆயர்மார் யோசித்தார்கள். 1683 டிசெம்பர் 6 ஆம் திகதி இரவு சபை வீடு எரிந்தது. இரண்டு சகோதரிகள் இறந்தார்கள். அதில் ஒருவர் அம்மையாரின் சொந்தப் பெறாமகள். அந்த நேரம், இனி உங்களால் ஏலாது, உர்சுலின் மடத்தோடு சேர்ந்துவிடுங்கள் எண்டு ஆயர் சொன்னார். 63 வயது, எரிந்த வீடு, கையில் காசில்லை. வேறு யாரும் எண்டால் சரி எண்டிருப்பார்கள். அம்மையார் மறுத்துவிட்டார். மாதா வீட்டுக்குள் அடைபட்டிருக்கவில்லை, தேவைப்பட்ட இடத்துக்கு நடந்து போனவ எண்டதுதான் அவருடைய நியாயம். மதிலுக்குள் போனால் தூரத்து ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆர் படிப்பிக்கிறது?

69 வயதில் ஆயர் கூப்பிட்டார் எண்டு கியூபெக் நகரத்துக்குக் கால்நடையாகப் போனார். ஏறக்குறைய 250 கிலோமீற்றர் தூரம். அந்தக் காலத்தில் அவருக்குள்ளும் பெரிய இருட்டு. தான் எல்லாவற்றையும் பிழையாகச் செய்துவிட்டேனோ, கடவுள் தன்னைக் கைவிட்டுவிட்டாரோ எண்டு சில வருசம் மனம் உழன்றார். 1693 இல் தலைமைப் பொறுப்பை மாரி பார்பியே எண்டவரிடம் கொடுத்தார். அவர் மொன்றியலிலேயே பிறந்து வளர்ந்த பெண். ஒருகாலத்தில் படிப்பிக்க ஒரு பிள்ளை இல்லாத ஊரில், அந்த ஊர்ப் பிள்ளையே தலைவியாக வந்துவிட்டாள்.

கடைசியில் அம்மையாரின் பிடிவாதம் வென்றது. 1698 யூன் மாதம் சபையின் ஒழுங்குவிதிகள் ஏற்றுக்கொள்ளப்பட்டன. மதில் இல்லை. 1699 டிசெம்பர் 31 ஆம் திகதி ஒரு இளம் சகோதரி சாகக் கிடந்தபோது, அவளை விட்டுவிட்டுத் தன்னை எடுக்கும்படி அம்மையார் கடவுளை மன்றாடினார். அந்தப் பெண் எழும்பிவிட்டாள். அம்மையார் 1700 சனவரி 12 ஆம் திகதி இறந்தார். வயது 79. 1982 ஒக்ரோபர் 31 ஆம் திகதி பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அவரைப் புனிதராக அறிவித்தார். கனடாவின் முதற் பெண் புனிதர் அவர்தான்.

மகளின் எழுத்து வேலை முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் பழைய மொன்றியலில் இருக்கிற நோத்ர் டாம் டி பொன் செக்கூர் கோயிலுக்குப் போனோம். அம்மையார் கல்லுப் பொறுக்குவித்துத் தொடங்கிய கோயில் 1754 இல் எரிந்து, இப்போது நிற்பது 1771 இல் கட்டியது. 2005 இலிருந்து அவருடைய உடல் அங்கேதான் இருக்கிறது. நாங்கள் சைவம். ஆனால் ஊரிலை மடுமாதாவிட்டைப் போன ஆட்கள்தானே, கும்பிடத் தயக்கமில்லை. பக்கத்து நூதனசாலையில் அவர் இறந்தவுடன் பியேர் லெ பேர் எண்டவர் வரைந்த படம் இருக்கிறது. காலப்போக்கில் அதுக்கு மேலே வேறு ஆட்கள் வடிவாய், இளமையாய்த் தீட்டிவிட்டார்கள். 1960களில் மேல்வண்ணத்தை நீக்கியபோது உண்மையான முகம் வெளியே வந்தது. களைச்சுப்போன ஒரு கிழவியின் முகம். இரவு வேலை முடிந்து பஸ்ஸில் வாற எங்கடை பெண்களின் முகம் மாதிரி.

இப்ப நான் ஒரு விசயத்தை ஒளிக்காமல் சொல்லவேணும். போன வருசம் எங்கடை சங்கம் நடத்துகிற சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு ஆள் போதாது, சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்க வாங்கோ எண்டு என்னைக் கேட்டார்கள். நான் மாட்டன் எண்டு சொன்னேன். எனக்குக் கம்பஸ் படிப்பில்லை, ரீச்சர் பயிற்சியில்லை, கிழமை முழுக்க நிண்டு வேலை செய்து கால் வீங்கிக் கிடக்குது எண்டு காரணம் சொன்னேன். நிலக்கீழ் அறையில் ஆறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்னத்தைப் படிப்பிக்கிறது எண்டும் மனதுக்குள் நினைத்தேன்.

அந்தப் படத்துக்கு முன்னாலை நிண்டபோது, நீங்கள் ஏன் அம்மா எங்கடை வகுப்புக்குப் படிப்பிக்க வரேல்லை எண்டு மகள் கேட்டாள். காரணமெல்லாம் இருந்தது. ஆனால் மாட்டுக்கொட்டில் கதையை வாசித்துச் சொன்னவளும் நான், மாமரத்துக் கதையைச் சொன்னவளும் நான். வாய் வரவில்லை.

தை மாதத்திலிருந்து போகிறேன். ஆறு பிள்ளைகள் இப்போது ஒன்பது பேர். அதில் ஏழு பேர் பெண்பிள்ளைகள். அறை சின்னன், ஹீற்றர் ஒரு பக்கம்தான் வேலை செய்யுது, பலகையும் பழசு. நான் பெரிய கெட்டிக்காரி இல்லை, முதல்நாள் இரவே பாடத்தை நான் படிச்சுக்கொண்டுதான் போறனான். ஆனால் பிள்ளைகள் வருகினம்.

இதை வாசிக்கிற தங்கச்சிமார், அக்காமார் யாருக்காவது சனிக்கிழமை காலையில் இரண்டு மணித்தியாலம் இருந்தால் வாங்கோ. பட்டம் வேண்டாம். தேத்தண்ணி நான் போட்டுத் தருவன்.